மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக்

மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக் (டிசம்பர் 2, 1813 – ஜூன் 25, 1859) பிரான்சு நாட்டில் பிறந்து தமிழகத்தில் பணியாற்றிய கத்தோலிக்க மறைப்பணியாளர் ஆவார். கோயம்புத்தூர் தனி மறைமாவட்டமாக உயர்வதற்கு முன்பு, அப்பகுதியின் முதல் ஆயராகப் பொறுப்பு வகித்தவர் இவரே. பின்னாளில் ஆப்பிரிக்க மறைப்பணிக் கழகம் என்னும் அமைப்பையும் நிறுவினார். கோயம்புத்தூருக்கும் அவிநாசிக்கும் இடையில், திருப்பூரை அடுத்துள்ள கருமத்தம்பட்டியில் 1846-ஆம் ஆண்டு இவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஒரு நாட்டின் திருச்சபையை அந்நாட்டு மக்களே வழிநடத்த வேண்டும் என்பதும், அதற்குத் தகுதியானவர்களைக் கல்வியின் வழியாக உருவாக்குவதே அயல்நாட்டுக் குருக்களின் முதற்கடமை என்பதும் இவரது வாழ்நாள் கொள்கையாக இருந்தன.

பிறப்பும் இளமையும்

பிரெசில்லாக் தெற்குப் பிரான்சில் உள்ள காசுதெல்நோதாரி என்னும் சிறு நகரில் பிறந்தார். இவரது குடும்பம் பிரபுக்கள் மரபைச் சேர்ந்தது. எனினும் பிரெஞ்சுப் புரட்சியின்போது உடைமைகளை இழந்திருந்தது. தந்தை, அந்நகரின் வழியே செல்லும் புகழ்பெற்ற மிதி கால்வாயில் பொறியாளராகப் பணிபுரிந்தார். ஐந்து பிள்ளைகளுள் பிரெசில்லாக் மூத்தவர். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமே வீட்டில் கற்றார். பின்னர் கார்க்கசோன் நகரக் குருமடத்தில் சேர்ந்து, டிசம்பர் 22, 1838 அன்று குருப்பட்டம் பெற்றார். தாம் பிறந்த ஊரிலேயே புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிப் பங்குக்குருவாகப் பணியைத் தொடங்கினார்.

அயல்நாட்டில் மறைப்பணியாற்ற வேண்டும் என்ற எண்ணம் இக்காலத்தில் இவருக்கு உறுதிப்பட்டது. அவரது ஆயர் உடனடியாக இணங்கவில்லை. தந்தையும் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் 1841-ஆம் ஆண்டு பாரிசு வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்தில் சேர்ந்தார். ஏப்ரல் 12, 1842 அன்று நாந்து துறைமுகத்திலிருந்து கப்பலேறி, மூன்று மாதங்களுக்கும் மேலாகக் கடலில் பயணம் செய்து, ஜூலை 24, 1842 அன்று புதுச்சேரியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 28.

அக்காலத் தமிழகத் திருச்சபை

பிரெசில்லாக் வந்து சேர்ந்தபோது தமிழகக் கத்தோலிக்கத் திருச்சபை பல சிக்கல்களுக்கு இடையே இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட்டு தெ நோபிலி தொடங்கிய மதுரைப் பணித்தளத்தையும் அதைச் சார்ந்த பகுதிகளையும் இயேசு சபையினர் நெடுங்காலம் நடத்தி வந்தனர். 1773-ஆம் ஆண்டு திருத்தந்தை அச்சபையைக் கலைத்ததால், பல ஊர்களில் குருக்கள் இல்லாமற்போயினர். அவர்களது பணித்தளங்கள் பாரிசு வெளிநாட்டு மறைப்பணிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இதனுடன் ஆட்சி உரிமைச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. இந்தியாவில் ஆயர்களைப் பரிந்துரைக்கும் உரிமையைப் போர்த்துகல் மன்னர்கள் முற்காலத்தில் பெற்றிருந்தனர். 1838-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அவ்வுரிமையின் எல்லையைப் பெருமளவு குறைத்தார். கோவா பேராயரின் ஆட்சிக்குட்பட்ட குருக்கள் பலர் இதை ஏற்கவில்லை. இதனால் ஒரே வட்டாரத்தில் இரு தரப்புக் குருக்கள் உரிமை கோரும் நிலை ஏற்பட்டது. கொங்கு நாட்டுக் கத்தோலிக்கரும் இப்பிளவிலிருந்து தப்பவில்லை.

சேலமும் புதுச்சேரியும்

புதுச்சேரியில் தமிழ் கற்ற பின்னர் பிரெசில்லாக் சேலம் பகுதிக்கு அனுப்பப்பட்டார். ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்த அந்நாட்களில், தமிழ்க் கிறித்தவர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து கண்டார். மக்கள் தங்கள் சமயத்தில் உறுதியாக இருந்தும், அவர்களுள் ஒருவர் குருவாவது அரிதாகவே இருந்தது இவரைச் சிந்திக்க வைத்தது. பாரிசுக் கழகம் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டதே ஆசிய நாடுகளில் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதற்காகத்தான். நிறுவப்பட்டு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியும் அந்நோக்கம் தமிழகத்தில் நிறைவேறவில்லை.

1844-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதுச்சேரியில் மறைப்பணியாளர்களின் ஆலோசனை மாமன்றம் கூடியது. உள்நாட்டுக் குருக்களின் பயிற்சி அதன் முதன்மையான பொருளாக இருந்தது. ஆண், பெண் இருபாலரின் கல்வியும் அங்கு ஆராயப்பட்டது. அதே ஆண்டில் அருட்தந்தை லூயி சவினியன் துப்புயி, பெண் கல்விக்கென ஓர் உள்நாட்டுக் கன்னியர் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். இவர் தமிழ்–பிரெஞ்சு அகராதி உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். உயர்ந்த குடும்பத்துப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்பது தகாது என்று பலர் கருதிய காலத்தில் இது துணிவான முயற்சியாகும்.

மாமன்றம் முடிந்தபின் பிரெசில்லாக் புதுச்சேரிக் குருமடத்தின் அதிபராக நியமிக்கப்பட்டார். குருமாணவரோடு குருத்துவத்தை நாடாத பிற மாணவர்களும் அங்கு பயின்றனர். உள்நாட்டுக் குரு என்பவர் அயல்நாட்டுக் குருவின் உதவியாளராக மட்டும் இருந்துவிடக் கூடாது, கல்வியிலும் பொறுப்பிலும் அவருக்கு நிகராக இருக்க வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. அப்படியானால் ஒருநாள் இந்தியர்களே ஆயர்களாகவும் ஆவர் என்பதையும் இவர் மறைக்கவில்லை. உடன் பணிபுரிந்த ஐரோப்பியக் குருக்கள் சிலர், இந்தியர்கள் இன்னும் அதற்கு ஆயத்தமாகவில்லை என்று எண்ணினர். கொள்கையளவில் ஒப்புக்கொண்ட சிலரும் நடைமுறையில் தயங்கினர். நவம்பர் 1845-இல் உரோமை வெளியிட்ட அறிவுரை மடல் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதை வலியுறுத்தியது. பிரெசில்லாக் கொண்டிருந்த கருத்துக்கு அது வலுவூட்டியது.

கருமத்தம்பட்டியில் ஆயர்

புதுச்சேரியின் ஆட்சிப்பரப்பு மிகப் பெரிதாக இருந்ததால், மைசூரும் கோயம்புத்தூரும் அதிலிருந்து பிரிக்கப்பட்டன. கோயம்புத்தூர்ப் பகுதியின் பொறுப்பு பிரெசில்லாக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்டோபர் 4, 1846 அன்று கருமத்தம்பட்டியில் இவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. முழுமையான மறைமாவட்டம் அமையாத இடங்களில் வழக்கமாகச் செய்வதுபோல, புரூசா என்னும் பழைய நகரின் பெயரால் அவருக்கு ஆயர் பட்டம் வழங்கப்பட்டது. 1850-ஆம் ஆண்டு கோயம்புத்தூர் தனி மறை ஆட்சி வட்டமாக உயர்த்தப்பட்டது.

கருமத்தம்பட்டி, கொங்கு நாட்டின் பழமையான கத்தோலிக்க ஊர்களுள் ஒன்று. அங்குள்ள செபமாலை அன்னை ஆலயத்தின் மரபு இயேசு சபையினரின் காலத்திற்குச் செல்கிறது. இன்று சோமனூர், திருப்பூர் வட்டாரங்கள் விசைத்தறிக்கும் பின்னலாடைக்கும் பெயர் பெற்றவை. ஆனால் பிரெசில்லாக் காலத்தில் அது கிணற்றுப் பாசனத்தையும் மானாவாரிப் பயிரையும் நம்பியிருந்த வேளாண் நிலமாகவே இருந்தது. திருப்பூர் அன்று ஒரு சிற்றூர். இப்பகுதிக்கு இருப்புப்பாதை 1860களில்தான் வந்தது. அதுவரை மாட்டு வண்டியும் குதிரையுமே பயண வழிகளாக இருந்தன. சமவெளியோடு நீலகிரி மலைப்பகுதியும் புதிய ஆயரின் பொறுப்பில் இருந்தது.

இத்தகைய சூழலில் ஒரு பங்கின் வாழ்க்கை பெரும்பாலும் குருவைச் சார்ந்திருக்க இயலவில்லை. ஒரு குருவின்கீழ் பல ஊர்கள் இருந்தன. அவர் ஓர் ஊருக்கு வந்து, திருப்பலி நிறைவேற்றி, பாவசங்கீர்த்தனம் கேட்டு, திருமணங்களை நடத்திவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வார். மற்ற நாட்களில் உபதேசியாரே மக்களைக் கூட்டிச் செபம் சொன்னார். சிறுவருக்கு மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் கற்பித்தார். சாகும் நிலையில் இருந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். குருக்கள் குறைவாக இருந்த இந்நிலையில், ஐரோப்பாவிலிருந்து மேலும் சிலரை வரவழைப்பது தற்காலிகத் தீர்வாகவே அமையும் என்று பிரெசில்லாக் கருதினார். ஆகவே கருமத்தம்பட்டியிலேயே ஒரு குருமடத்தைத் தொடங்கினார். ஆயராக இருந்தபோதும் மாணவர்களின் பயிற்சியில் நேரடியாக ஈடுபட்டார்.

பின்னர் பணிகளின் மையம் கோயம்புத்தூர் நகருக்கு மாறியது. அங்கு இவர் காலத்தில் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் தலைமைப் பேராலயத்தின் கட்டுமானம் 1867-ஆம் ஆண்டு நிறைவுற்றது.

மலபார் சடங்குச் சிக்கல்

பிரெசில்லாக்கின் இந்தியப் பணி முடிவுக்கு வருவதற்கு முதன்மையான காரணமாக அமைந்தது மலபார் சடங்குகள் என அழைக்கப்பட்ட நீண்டகாலச் சிக்கலாகும். பெயரில் மலபார் என்று இருந்தாலும் இது தமிழ்க் கிறித்தவர்களின் வழக்கங்களைப் பற்றியது. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் போன்றவற்றைச் சமுதாய வழக்கங்களாகக் கருதி, கிறித்தவர் கைக்கொள்ளலாம் என்று தெ நோபிலி வாதிட்டார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-இல் இதற்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தார். ஆனால் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704-இல் பல வழக்கங்களைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். திருமுழுக்கின்போது உமிழ்நீர் தொடும் சடங்கை விட்டுவிடுதல், தாலியில் இந்து சமய உருவம் இடம்பெறுதல், பூப்புக் கொண்டாட்டம் ஆகியன அவற்றுள் சில. தாழ்த்தப்பட்ட மக்கள் நோயுற்றால் குருக்கள் அவர்கள் இல்லங்களுக்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதும் அவ்வாணையின் ஒரு கூறு.

1744-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இச்சிக்கலுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கினார். அன்று முதல் தமிழகத்தில் பணிபுரிய வரும் ஒவ்வொரு மறைப்பணியாளரும் அத்தீர்ப்பைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டியிருந்தது. பிரெசில்லாக்கும் அவ்வாறு ஆணையிட்டே பணியைத் தொடங்கினார்.

நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எது சமய வழக்கம், எது சமுதாய வழக்கம் என்பதில் குருக்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ஒரு பங்கில் விலக்கப்பட்டது அடுத்த பங்கில் ஏற்கப்பட்டது. சாதி வேறுபாட்டைப் பொறுத்தவரை இது மேலும் கடினமானதாக இருந்தது. தமிழக ஆலயங்கள் பலவற்றில் சாதிவாரியாகத் தனித்தனி இடங்கள் இருந்தன. உடனடியாக இவற்றை ஒழிக்க வேண்டும் என்றனர் சிலர். அவ்வாறு செய்தால் ஊர் முழுவதும் திருச்சபையை விட்டு விலகும் என்றனர் வேறு சிலர். பிரெசில்லாக், மக்களின் வழக்கங்களை அயல்நாட்டவரின் கண்கொண்டு மட்டும் பார்த்து அழிக்கக் கூடாது என்ற கருத்துடையவர். அதே வேளையில், தாம் ஏற்ற ஆணைக்கு மாறானவற்றைத் தம் ஆட்சிப்பகுதியில் அனுமதிக்கிறோமோ என்ற ஐயம் அவருக்குத் தீராத மனச்சுமையாக இருந்தது. உரோமை தெளிவான விளக்கம் தர வேண்டும் என மீண்டும் மீண்டும் எழுதினார். எதிர்பார்த்த விடை கிடைக்கவில்லை.

பதவி விலகல்

உள்நாட்டுக் குருக்கள் குறித்த திட்டத்தில் உடன்பணியாளரின் போதிய ஆதரவின்மையும், சடங்குகள் பற்றிய மனச்சான்றின் போராட்டமும் சேர்ந்து இவரை ஒரு முடிவுக்குத் தள்ளின. 1854-ஆம் ஆண்டு உரோமைக்குச் சென்று தம் நிலையை நேரில் விளக்கினார். மார்ச் 1855-இல் அவரது பதவி விலகல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் இந்தியாவுக்கு வந்து 12 ஆண்டுகள் முடிந்திருந்தன. இக்காலத்தைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளும் நாட்குறிப்புகளும் கடிதங்களும், 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதித் தமிழகக் கிறித்தவ வாழ்க்கையை அறிய உதவும் ஆவணங்களாக விளங்குகின்றன.

ஆப்பிரிக்க மறைப்பணிக் கழகம்

பிரான்சு திரும்பிய பிரெசில்லாக், வெர்சாயில் இருந்த கப்புச்சின் துறவியர் இல்லத்தில் சில காலம் தனிமையில் தங்கினார். மறைப்பணியைக் கைவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டுக்கு (இன்றைய பெனின்) செல்ல விரும்பினார். தனியொருவராகச் செல்வதை விட ஓர் அமைப்பை ஏற்படுத்திச் செல்லுமாறு உரோமை கூறியது. அதன்படி டிசம்பர் 8, 1856 அன்று லியோன் நகரின் ஃபூர்வியேர் மாதா ஆலயத்தில், சில தோழர்களுடன் ஆப்பிரிக்க மறைப்பணிக் கழகத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்காவில் உள்நாட்டுக் குருக்களைக் கொண்ட திருச்சபையை நிறுவுவது இக்கழகத்தின் நோக்கங்களுள் ஒன்றாகும். கொங்கு நாட்டில் நிறைவேறாத எண்ணத்தை அவர் வேறொரு கண்டத்திற்கு எடுத்துச் சென்றார் எனலாம்.

தகோமி மிகவும் ஆபத்தான இடம் எனக் கருதிய உரோமை, அதற்கு மாறாகச் சியேரா லியோனை 1858-ஆம் ஆண்டு இவரிடம் ஒப்படைத்தது. அதன் தலைநகரான ஃபிரீடவுன், விடுதலை பெற்ற அடிமைகளின் குடியேற்றமாக உருவான நகரம். அக்கழகத்தின் முதற்குழுவினர் மூவர் ஜனவரி 1859-இல் அங்குச் சென்று சேர்ந்தனர்.

இறப்பு

மார்ச் 1859-இல் பிரெசில்லாக் இரு தோழர்களுடன் பிரெசுத்து துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். மே 14, 1859 அன்று கப்பல் ஃபிரீடவுனை அடைந்தபோது நகரில் மஞ்சள் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியிருந்தது. இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் எச்சரித்தும், முன்பே அங்கு வந்திருந்த தம் தோழர்களை விட்டு விலக மனமின்றி அவர் கரையிறங்கினார். அக்காலத்தில் இந்நோய் கொசுவால் பரவுகிறது என்பது அறியப்படவில்லை. தடுப்பு மருந்தும் இல்லை. ஜூன் மாதத்தின் முதல் இரு வாரங்களில் தோழர்கள் மூவர் இறந்தனர். ஜூன் 25 அன்று பிரெசில்லாக் தமது 45-ஆம் வயதில் உயிர் நீத்தார். இறுதி வேளையில் உடனிருந்த குருவும் மூன்று நாட்களுக்குப் பின் இறந்தார். அங்குச் சென்ற அறுவருள் ஐவர் ஒரே மாதத்தில் மறைந்தனர்.

லியோனில் பொறுப்பிலிருந்த அகுசுதீன் பிளாங்கு, கழகத்தைக் கலைக்காமல் தொடர்ந்து நடத்தினார். 1861-ஆம் ஆண்டு அதன் உறுப்பினர்கள் பிரெசில்லாக் விரும்பிய தகோமியின் உயிதா நகரை அடைந்தனர். பிளாங்கு 1907-இல் இறக்கும்வரை கழகத்தின் தலைவராக இருந்தார். பிரெசில்லாக்கின் உடல் எச்சங்கள் 1928-ஆம் ஆண்டு ஃபிரீடவுனிலிருந்து லியோனுக்குக் கொண்டுவரப்பட்டன.

கொங்கு நாட்டில் பிற்கால வளர்ச்சி

கோயம்புத்தூர் 1886-ஆம் ஆண்டு முழுமையான மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. தமிழகத்தின் முதல் தமிழ் ஆயராகப் பிரான்சிசு திபூர்சியுசு ரோச் 1923-இல் தூத்துக்குடியில் பொறுப்பேற்றார். 1940-ஆம் ஆண்டு உபகாரசாமி பெர்னதோத் கோயம்புத்தூரின் முதல் இந்திய ஆயரானார். பிரெசில்லாக் பதவி விலகி அப்போது 85 ஆண்டுகள் கடந்திருந்தன. மலபார் சடங்குகள் குறித்து மறைப்பணியாளர்கள் ஆணையிட வேண்டும் என்ற விதியை உரோமை நீக்கியதும் அதே 1940-ஆம் ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

கல்வித் துறையில், 1860களில் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட புனித மிக்கேல் பள்ளியைத் தொடர்ந்து, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் சிறு நகரங்களில் கத்தோலிக்கப் பள்ளிகள் பல தோன்றின. அவற்றில் பயில்வோருள் பெரும்பாலானோர் பிற சமயத்தவர். விவசாயக் குடும்பங்கள், தறிக்கூடங்கள், பின்னலாடை ஆலைகள் ஆகியவற்றைச் சார்ந்தோரின் பிள்ளைகள். ஆலயமும் பள்ளியும் விளையாட்டுத் திடலும் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பதைப் பல ஊர்களில் காணலாம். பள்ளி அணிகள் கால்பந்து, கைப்பந்து, கூடைப்பந்துப் பயிற்சி செய்யும் அதே திடலே திருவிழா நாளில் தேர்ப்பவனிக்குக் கூடும் இடமாகவும் மாறுகிறது. பிரெசில்லாக் காலத்தில் இத்தகைய பள்ளிகளோ அணிகளோ இல்லை. எனினும் இன்று இவற்றின் பங்குக்குருவும் தலைமை ஆசிரியரும் விளையாட்டு ஆசிரியரும் இம்மண்ணின் மக்களாகவே இருக்கின்றனர். 1840களில் இது இயலுமா என்பதே அவரும் அவரை மறுத்தோரும் வாதிட்ட கேள்வியாகும்.

மதிப்பீடு

உள்நாட்டுத் தலைமையை அக்காலத்திலேயே வலியுறுத்தியவர் என்ற முறையில் பிரெசில்லாக் வரலாற்றாளரால் போற்றப்படுகிறார். மறுபுறம், வழக்கங்களை மெதுவாகவே மாற்ற வேண்டும் என்ற அணுகுமுறை, திருச்சபைக்குள் சாதி வேறுபாடு நீடிக்க இடமளித்தது என்ற திறனாய்வும் உண்டு. தமிழகத்தில் தலித் கிறித்தவர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் கல்லறை, திருவிழா, குருத்துவ அழைத்தல் ஆகியவற்றில் சம உரிமை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. உள்நாட்டவர் தலைமை ஏற்றால் மட்டும் போதுமா, உள்நாட்டவருள் எல்லோருக்கும் அது கிடைக்கிறதா என்ற அடுத்த கேள்வியை இப்போராட்டங்கள் எழுப்பின.

மே 2020-இல் திருத்தந்தை பிரான்சிசு, பிரெசில்லாக்கின் வீரத்துவமான நற்பண்புகளை ஏற்கும் ஆணைக்கு ஒப்புதல் அளித்ததால் அவர் வணக்கத்திற்குரியவர் என்ற நிலையைப் பெற்றார். அவர் நிறுவிய ஆப்பிரிக்க மறைப்பணிக் கழகம் பிற்காலத்தில் இந்தியாவிலும் வேரூன்றியது. அதில் சேர்ந்த தமிழக இளைஞர்கள் குருப்பட்டம் பெற்று ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சென்று பணியாற்றி வருகின்றனர்.